நெவியா சொன்ன மூன்று இடங்கள்

நண்பகல் ஆகிவிட்டது என்பதை நெவியாவுக்குக் கடிகாரம் சொல்வதில்லை. சுவர் சொல்லும்.

"நெவியா! உயிரோட இருக்கியா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊச்சோ கத்துவான். ஆண்கள் பக்கம் மொத்தமும் சிரிக்கும். இந்தப் பக்கம் கூழாங்கல் மேல் துண்டை விரித்து மல்லாந்து கிடக்கும் பெண்களும் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்கள்.

"இருக்கேன்டா! உன்னை வழியனுப்பிட்டுத்தான் நான் கிளம்புவேன்!"

"அப்ப உனக்கு நூறு வயசுக்குக் குறையாது. சாப்பிடு, சாப்பிடு!"

ட்ரியெஸ்தே துறைமுகத்தை ஒட்டிய அந்தக் குளியல்துறையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சுவர். கரையிலிருந்து புறப்பட்டுக் கடலுக்குள் கொஞ்ச தூரம் போய் நிற்கும். இதை இடித்தால் என்ன என்று எப்போதாவது எவனாவது கேட்டால் ஊரே அவனை அடிக்க வரும். பெண்கள்தான் முதலில் வருவார்கள். வருஷம் முழுக்க வீட்டில் புருஷன் முகத்தைப் பார்த்தாயிற்று, கோடையிலாவது நடுவில் ஒரு சுவர் வேண்டாமா என்பது அவர்கள் கட்சி.

நெவியாவின் கணவன் ஃபுல்வியோ இருந்தவரைக்கும் அந்த நண்பகல் குரல் அவனுடையது. கப்பல் பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவன்; அவன் "சாப்பாடு!" என்று கத்தினால் கடலில் நீந்துகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு குளிர்காலத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டான். அடுத்த கோடையில் நெவியா வழக்கமான இடத்தில் துண்டை விரித்தாள். மாதா கோயில் மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. அந்த அமைதியில் அவள் கிடக்கிற கோலம் சுவரைத் தாண்டியும் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபுல்வியோவின் கூட்டாளி ஊச்சோ. "நெவியா! உயிரோட இருக்கியா?" என்று கத்தினான். அன்றிலிருந்து கோடையில் ஒரு நாள் தவறவில்லை.

நெவியா நகரப் பேருந்து ஓட்டியவள். ஊருக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி எழும்பி நிற்கும் கார்ஸோ மேட்டுக் கிராமங்களுக்குப் போகும் தடம் அவளுடையது. அந்தத் தடத்தால் அவளுக்குத் தனி மரியாதை. காரணம் கொப்பு.

மேட்டுக் கிராமங்களில் சில விவசாயிகள் வருஷத்தில் கொஞ்ச நாள் மட்டும் தங்கள் வீட்டு முற்றத்தைத் திறந்துவிடுவார்கள். சொந்தத் தோட்டத்து ஒயின், உப்பிட்டுக் காற்றில் உலர்த்திய பன்றித் தொடைக்கறி, அவித்த முட்டை, பாலாடைக்கட்டி. அவ்வளவுதான்; அடுப்பில் சமைத்த எதுவும் கிடையாது. பெயர்ப்பலகையும் கிடையாது. கூட்டுரோட்டுக் கம்பத்தில் பச்சை இலைக் கொப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள், பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி. கொப்பு தொங்கினால் அந்த வீடு உன் வீடு. கொப்பை அவிழ்த்துவிட்டால் அது அவன் வீடு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து நெவியாவுக்கு எல்லாக் கூட்டுரோடும் தெரியும். காலை வேலை முடிந்து குளியல்துறைக்கு வரும்போது தோளில் துண்டும் வாயில் செய்தியுமாக வருவாள்.

"ஸ்வொன்கோ கொப்பு கட்டிட்டான்!"

உடனே லீச்சியா எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவாள். "ஸ்வொன்கோ வீடு திறந்தாச்சு! வெள்ளிக்கிழமை சாயங்காலம்! ஊச்சோ, கேக்குதா?"

"கேக்குது! முட்டை அவிச்சிருக்கானா?"

"உன் மண்டையை அவிச்சு வச்சிருக்கான், வந்து உரிச்சுக்கோ!"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்வொன்கோவின் முற்றத்தில் லிண்டன் மரத்தடி நீள மேசையில் சுவரின் இரண்டு பக்கமும் ஒன்றாக உட்காரும். தொடைக்கறியில் எலும்பை ஒட்டிய துண்டுகள் கறுத்து, உப்பேறி, நாக்கில் கரையும். அதை ஸ்வொன்கோ வெளியாட்களுக்கு வைக்கமாட்டான். இந்த மேசைக்கென்று ஒதுக்கி வைத்திருப்பான். இரண்டாவது கூஜா முடிந்ததும் பாட்டு.

லீச்சியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஊரில் யாருக்கும் பயப்படாத வாய். புற்றுநோய்க்கு ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டுதான் வீதியில் நடந்தாள். சொந்த மகள் முன்னால்கூடச் சட்டை மாற்றமாட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும், மற்ற கிழவிகளைப் போலவே மேல்சட்டை இல்லாமல், தழும்பைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு படுத்திருப்பாள். இங்கே யாரும் பார்ப்பதில்லை. பைக்குள் போன கைபேசியை யாரும் வெளியே எடுப்பதில்லை. எழுதி ஒட்டாத சட்டம் அது.

நெவியாவின் ஒரே மகள் நோயெமி மிலானில் இருந்தாள். பயணக் கட்டுரைகள் போடும் ஒரு இணையதளத்தில் வேலை. அப்பா போன பிறகு அவள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் ஓர் இரவுகூடத் தங்காமல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பேசிக்கொண்டே எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்கும். நெவியா ஓய்வு பெற்ற வருஷம், மே மாதத்தில் ஒரு ஞாயிறு, அந்தச் சத்தம் கேட்கவில்லை. நெவியா அதையே ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, நம்ம ஊர்ல உனக்குப் பிடிச்ச இடம் மூணு சொல்லேன். சாப்பிட ஒண்ணு, சும்மா கிடக்க ஒண்ணு, சுத்திப் பார்க்க ஒண்ணு."

"எதுக்குடி?"

"உள்ளூர்க்காரங்க வாயால ஊரைச் சொல்ற மாதிரி ஒரு தொடர். எங்க தளத்து ஆசிரியை என்னைக் கேட்டா. நான் உன்னைச் சொல்லிட்டேன்."

நெவியா பெரிய சதுக்கத்துக் காப்பிக்கடையைச் சொன்னாள். மலைமேல் கோட்டையைச் சொன்னாள்.

"அதெல்லாம் எல்லாரும் எழுதிக் கிழிச்சாச்சும்மா. நீ போற இடம் சொல்லு."

"நான் போற இடத்துக்கு நான் போறேன். அதுல எழுத என்ன இருக்கு?"

நோயெமி விடவில்லை. "நான் நேர்ல வந்தா கூட்டிட்டுப் போவியா? நாலு நாள் லீவு போடறேன்."

நாலு நாள். அன்று மத்தியானமே நெவியா மகளின் பழைய அறை ஜன்னலைத் திறந்து மெத்தையை வெயிலில் போட்டாள்.

நோயெமி வந்தாள். முதல் நாள் பாறை விளிம்பு வழியாகப் போகும் நடைபாதை. கீழே கடல், எதிரே வெள்ளைப் பாறையில் கயிறு கட்டி ஏறும் பிள்ளைகள். மகள் நடந்துகொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போன காலத்தில்கூடப் பிடித்ததில்லை. இரண்டாம் நாள் ஸ்வொன்கோ வீடு.

"உன் மகளா? ஃபுல்வியோ மூக்கு அப்படியே ஒட்டியிருக்கே!" என்று ஸ்வொன்கோ எலும்போரத்துத் துண்டுகளைத் தட்டு நிறைய வைத்தான்.

"இதை எல்லாருக்கும் தருவீங்களா?" என்று நோயெமி கேட்டாள்.

"எல்லாருக்கும் எங்கேயிருந்து தர்றது? ஒரு பன்னிக்கு எத்தனை எலும்பு?"

மேசை சிரித்தது. நோயெமியும் சிரித்தாள், கைபேசியில் குறித்துக்கொண்டாள். ஊச்சோ அவளுக்கு அவள் அப்பா பாடும் பாட்டைப் பாடிக் காட்டினான். அவள் கண் கலங்கியதை நெவியா பார்த்தாள். இந்தப் பெண் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் சுவர். மகளை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவிட்டு நெவியா தண்ணீரிலிருந்து ஏறி வரும்போது நோயெமி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். நெவியா நின்றாள். பார்த்தாள். மகள் திரும்பி, வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள்.

"சுவரை மட்டும்தான்மா."

ஒரு வார்த்தை போதும். வேறு யார் மகளாவது எடுத்திருந்தால் நெவியாவே பிடுங்கிப் பைக்குள் போட்டிருப்பாள். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலை ரயில் அல்லவா?

ஜூன் கடைசியில் கட்டுரை வந்தது. "என் அம்மாவின் ட்ரியெஸ்தே". நெவியா அதை ரொட்டிக்கடையில் காட்டினாள், மருந்துக்கடையில் காட்டினாள், பழைய பணிமனைக்குப் போய் ஓட்டுநர்களுக்கும் காட்டினாள். உச்சியில் பெரிய படம்: வெள்ளைச் சுவர், நீலக் கடல், பெண்கள் பக்கத்துக் கூழாங்கற்கள். எழுத்தில் எல்லாம் இருந்தது. எந்தக் கூட்டுரோடு, எந்த மேசை, எந்தத் துண்டைக் கேட்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து லீச்சியா கழுத்துவரை மூடிய நீச்சலுடையில் வந்தாள். நெவியாவின் துண்டுக்குப் பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை.

"என்னடி, குளிருதா?" என்றாள் நெவியா.

"அந்தப் படத்தை எடு. இடது மூலையைப் பெருசாக்கிப் பாரு."

நெவியா பார்த்தாள். மூலையில், விரல்நுனி அளவுக்கு, ஒருக்களித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண். தழும்பு ஒரு கோடாகத் தெரிந்தது.

"என் மருமகன் காட்டினான். நல்லவன் அவன், 'அத்தை, இது நீங்களா'ன்னுதான் கேட்டான்." லீச்சியாவின் குரல் வழக்கத்துக்கு விரோதமாகத் தணிந்திருந்தது. "நெவியா, அவன் பார்த்துட்டான்."

"இன்னைக்கே எடுக்கச் சொல்றேன். சத்தியமா. இன்னைக்கே."

சாயங்காலம் மகளை அழைத்தாள்.

"அம்மா, அது எவ்வளவு சின்னதா இருக்கு! முகமே தெரியலையே."

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியுதுடி."

"அந்தப் படத்தாலதான் கட்டுரையே ஓடுது. இப்பத்தான் ஆசிரியை என்னைக் கண்ணெடுத்துப் பார்க்கிறா. இப்பப் போய் மாத்துன்னா... சரி, கேட்டுப் பார்க்கிறேன்." பிறகு, அதே மூச்சில், "கிறிஸ்துமஸுக்கு வரலாம்னு இருக்கேன்மா. பத்து நாள்."

சொல்ல வேண்டியது நெவியாவின் நாக்கு நுனியில் இருந்தது. முதல்ல அதை எடு, அப்புறம் பேசு. பேருந்தில் குடித்துவிட்டு ஏறியவர்களை எத்தனையோ தடவை ஒற்றை வார்த்தையில் இறக்கிவிட்டவள்.

"பத்து நாளா?" என்று கேட்டாள்.

படம் அப்படியே இருந்தது. லீச்சியா நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் கேட்டாள்.

"மகள்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன்டி."

"நல்லாக் கேட்டியா?"

நெவியா துண்டின் ஓரத்தைச் சரி செய்தாள்.  லீச்சியா தன் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் கடைசியில் போய் விரித்தாள். சண்டை நடந்திருந்தால் தேவலை. சண்டை என்றால் சமாதானமும் உண்டு. அடுத்த நாள் இன்னொருத்தி அங்கே போனாள், மறுநாள் வேறொருத்தி. "இங்க காத்து அதிகமா இருக்கு நெவியா" என்றார்கள். ஆகஸ்ட் மாதம். இலை அசையவில்லை.

காலியான இடங்களில் வெளியூர்ப் பெண்கள் வந்து துண்டு விரித்தார்கள். கைபேசியை நீட்டி, சுவரோடு சேர்த்துத் தங்களைப் படம் பிடித்துக்கொண்டார்கள். பாறைப் பக்கம் எல்லோரும் கழுத்துவரை மூடியிருந்தார்கள்.

அப்புறம் ஒரு நண்பகல். மணி அடித்தது, சுவர் பேசவில்லை. ஊச்சோவுக்கு உடம்புக்கு என்னவோ என்று நெவியா பயந்தாள். வாங்கி வந்த ரொட்டி மடியில் காய்ந்தது. சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இருமலில் முடியும் சிரிப்பு, ஊச்சோவின் சிரிப்பு. அதை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

எழுந்து சுவரருகே போய் நின்றாள்.

"ஊச்சோ! உயிரோட இருக்கியா?"

அந்தப் பக்கம் பேச்செல்லாம் நின்றது. அலை ஒன்று வந்து சுவரில் மோதித் திரும்பியது.

"இருக்கான்" என்றது வேறொரு குரல்.

கிறிஸ்துமஸுக்கு நோயெமி வரவில்லை. மூன்று நகரங்களின் கிறிஸ்துமஸ் சந்தைகளை எழுத வேண்டியிருந்தது. கட்டுரை நன்றாக ஓடியதால் வந்த பதவி. உலர்பழ ரொட்டி ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருந்தாள். நெவியா அதைப் பிரிக்காமலே அலமாரி மேல் வைத்தாள். மகள் அறை மெத்தை மறுபடி சுருட்டப்பட்டது. போரா என்னும் குளிர்காற்று ஒரு வாரம் ஜன்னல்களை உலுக்கியது. படம் அப்படியே இருந்தது.

வசந்தம் வந்தது. கொப்பு கட்டும் காலம். பேருந்து ஓட்டாத நெவியாவுக்கு இப்போது மற்றவர்கள்தான் செய்தி சொல்ல வேண்டும். போன வருஷம் லீச்சியா சொன்னாள். இந்த வருஷம் போன் அடிக்கவில்லை. ஒரு நாள் நெவியா தன் பழைய தடத்திலேயே பயணியாக ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஸ்வொன்கோவின் கூட்டுரோட்டில் கொப்பு தொங்கியது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிய கொப்பு.

முற்றத்தில் நிற்க இடமில்லை. லிண்டன் மரத்தடி நீள மேசையில் யார் யாரோ. தூரின் நகரத்து ஆட்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். கனிவானவள்.

"உட்காருங்கம்மா. தனியாவா வந்தீங்க? இங்க என்ன கேக்கணும் தெரியுமா? எலும்போரத்துத் துண்டுன்னு கேளுங்க. உள்ளூர்க்காரங்களுக்குத்தான் அது தெரியுமாம்."

"அப்படியா?" என்றாள் நெவியா.

ஸ்வொன்கோ வியர்வையோடு வந்தான். அவளைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்தான், நெடுநேரம் துடைத்தான்.

"எலும்போரம் தீர்ந்துடுச்சு நெவியா. எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. சாதாரணத் துண்டு கொண்டு வரட்டுமா?"

"கொண்டா. நம்ம ஆளுங்க எங்க?"

"யாரு?"

"யாரா? லீச்சியா, ஊச்சோ, எல்லாரும்."

"அவங்க இப்ப இங்க வர்றதில்ல." சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "வேற ஒரு வீட்டுக்குப் போறாங்களாம். அங்க கொப்பைக் கூட்டுரோட்டுல கட்டறதில்லையாம். உள்ளே தள்ளி, பார்க்கத் தெரிஞ்சவங்க கண்ணுக்கு மட்டும் படுற மாதிரி கட்டறாங்களாம்."

"எந்த ஊர்ல?"

"எங்கிட்டயே சொல்லலை நெவியா. சொன்னா நான் உங்கிட்ட சொல்லிடுவேன்னு இருக்கும்." தட்டுகளை அடுக்கினான். "எனக்கு உன் மேல கோபமில்ல. வியாபாரம் நல்லாத்தான் போகுது. பீப்பா எல்லாம் சீக்கிரமே காலியாகுது. என்ன, பாட ஒருத்தன் இல்ல. சாப்பிட்டு முடிச்சுப் படம் எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க."

அவன் கொண்டு வந்த தொடைக்கறி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் நெவியாவுக்கு ஆத்திரம். கெட்டுப்போயிருந்தால் கடை கெட்டுவிட்டது என்று எழுந்து போயிருக்கலாம்.

பாதி சாப்பிடும்போது கைபேசி அடித்தது. நோயெமி. வார நாளில்.

"அம்மா, எங்க இருக்க? ஒரே சத்தமா இருக்கு."

"ஸ்வொன்கோ வீட்ல."

"ஐயோ, சூப்பர்! கூட்டம் அள்ளுதா? பார்த்தியா, நம்மாலதான்! கேளு, இரண்டாம் பாகம் கேக்குறாங்க. யாருக்குமே தெரியாத இடம் ஏதாவது ஒண்ணு வேணும். உனக்குத் தெரியாததா? ஒண்ணு சொல்லும்மா."

பக்கத்துப் பெண் கைபேசியை உயர்த்தி மரத்தையும் மேசையையும் படம் எடுத்தாள். படத்துக்குள் தன் முகம் விழுமே என்று நெவியா தலையை ஒதுக்கவில்லை.

"ஒரு இடம் இருக்குது" என்றாள்.

"எங்க?"

"அதுதான் எனக்கே தெரியலை."

நோயெமி சிரித்தாள். வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள். "சரி, கண்டுபிடிச்சு வை. நீ கண்டுபிடிச்ச அன்னைக்கே நான் ரயில் ஏறிடறேன். நிஜமா."

"எத்தனை நாள் இருப்ப?"

"நீ முதல்ல கண்டுபிடிம்மா!"

ஸ்வொன்கோவிடம் சொல்லிக்கொள்ளாமல் நெவியா கூட்டுரோட்டுக்கு நடந்தாள். ஊருக்கு இறங்கும் பேருந்து முதலில் வந்தது. அவள் கை காட்டவில்லை. எதிர்ப்பக்கம், மேலே கிராமங்களுக்குப் போகும் பேருந்துக்காக நின்றாள். அது வந்ததும் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில், கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தாள். இளம் ஓட்டுநர் அவளுக்குப் பழக்கமானவன்.

"என்ன நெவியா, கடைசி ஸ்டாப் வரைக்குமா?"

"மெதுவாப் போடா" என்றாள்.

ஒவ்வொரு கூட்டுரோட்டிலும் கம்பத்தைப் பார்த்தாள். கம்பத்துக்குப் பின்னால் கல்மதிலைப் பார்த்தாள், மதிலுக்கு உள்ளே மரத்தைப் பார்த்தாள். பார்க்கத் தெரிந்த கண்தான் அது. அந்தக் கொப்பு கண்ணில் பட்டால் இறங்கிப் போய் லீச்சியா முன்னால் நிற்பாளா, மிலானுக்குப் போன் செய்வாளா? பேருந்து வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. நெவியா அதைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியில் மூச்சு படிந்ததைக் கையால் துடைத்துவிட்டு, அடுத்த கூட்டுரோட்டுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டாள்.